ஏஜெண்டக்காவின் கிட்டார்

"பாப்பா, உன் பாலிசியில நாமினி வீட்டுக்காரரே இருக்கட்டுமா, இல்ல மாத்திடலாமா?"

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவருக்கும் கேட்கிற குரலில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏஜெண்டக்கா இதைக் கேட்டபோது, நான் ஓசூரிலிருந்து அரியலூருக்குத் திரும்பி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த இன்சூரன்ஸ் பாலிசி என் கல்யாணத்தின்போது அவரே அப்பாவைப் பிடித்து உட்கார வைத்துப் போட்டுக்கொடுத்தது. நாமினி என்ற இடத்தில் கணவர் பெயரை எழுதும்போது நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அதே பெயரை இப்போது எடுத்துவிடலாமா என்று தெருவைக் கூட்டிக் கேட்கிறார்.

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "அவ குரூப் டூ பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கா. இங்கதான் சத்தம் இல்லாம இருக்குன்னு."

"படிக்கட்டும், நல்லா படிக்கட்டும். நான் நாமினியத்தானேக்கா கேட்டேன்?"

நான் ஏன் திரும்பி வந்தேன் என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்த விஷயம். என் கணவர் என்னை அடிக்கவில்லை, குடிக்கவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அம்மாவுக்கு வெளியே சொல்ல வசதியாக இருந்திருக்கும். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு நீ வேணாம்னு தோணுது" என்றார். அவ்வளவுதான். இதை யாரிடம், எப்படிச் சொல்வது? பரீட்சை என்று அம்மா சொன்னது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மேஜைமேல் பொது அறிவுப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தேன்.

ஏஜெண்டக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெருமுனையில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பெயர் என்று ஒன்று இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. இன்சூரன்ஸ் பிடிக்கிறவர் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் இவர் இடம் பார்க்க மாட்டார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறவரிடம் சுகர் எவ்வளவு என்று கேட்பார். புதுப்பெண்ணிடம் உண்மையான வயது கேட்பார். பங்குச் சாமியாரிடமே, "ஃபாதர், உங்க குடும்பத்துல யாருக்காவது நெஞ்சுவலி வந்திருக்கா?" என்று கேட்டு, அவர் பயந்துபோய் மறுநாளே திருச்சிக்குப் போய் செக்கப் செய்துகொண்டதாகத் தெருவில் சொல்வார்கள்.

"வெட்கங்கெட்ட பொம்பள," என்பாள் அம்மா. கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான். தெருவே அப்படித்தான் சொல்லும்.

ஏஜெண்டக்காவிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. "கேட்டுட்டா ஒரு நிமிஷம்தான் பாப்பா. கேக்காம வுட்டா அது வருஷக் கணக்கா உள்ளயே கெடக்கும்."

நான் அவருக்கு நேர் எதிர். தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, எனக்கு அங்கேதான் வேலை என்பதுபோல ஜெயங்கொண்டம் வரைக்கும் போய்விட்டு வருகிற ஆள். பள்ளிக்கூடத்தில் கீபோர்டு வாசித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். மேடையேறி அதை வாங்கிக்கொள்ளக் கூடப் படித்தவளைத்தான் அனுப்பினேன்.

அந்த வருஷம் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற தம்பி கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது ஃபாதர், "கேரல் பாட்டுக்கு ஆள் வேணும். யாருக்காவது கிட்டார் தெரியுமா?" என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"உங்களுக்கு கிட்டார் தெரியுமாம்மா?"

"தெரியாது ஃபாதர். கிறிஸ்துமஸ் வர்றதுக்குள்ள தெரிஞ்சுக்குறேன்."

கோயில் முழுக்கச் சிரித்தது. கடைசித் தூணுக்குப் பின்னால் முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சிரித்தது என்னைப் பார்த்து இல்லை. இருந்தாலும் எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. யாராவது யார் முன்னாலாவது அசிங்கப்பட்டால் எனக்கு அப்படித்தான். டிவியில் ஒருவர் பாட்டுப்போட்டியில் சுருதி தப்பினால்கூட நான்தான் எழுந்து அடுப்படிக்குப் போவேன்.

கிட்டாரும் கேட்டு வாங்கியதுதான். பெரம்பலூரில் ஒரு பாலிசிக்காரர் வீட்டு பீரோ மேல் தூசி படிந்து கிடந்திருக்கிறது. "சும்மாதானே இருக்கு" என்று கேட்டிருக்கிறார், அவர்களும் கொடுத்துவிட்டார்கள். சேலை கட்டிக்கொண்டு, முதுகில் கிட்டாரைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஒரு பெண் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? பஸ் ஸ்டாண்டில் பையன்கள் விசிலடித்திருக்கிறார்கள். ஏஜெண்டக்கா வண்டியை நிறுத்தி, "உங்கள்ல யாருக்காவது இத டியூன் பண்ணத் தெரியுமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து டியூன் பண்ணி வாங்கிக்கொண்டுதான் வந்தார். இதையெல்லாம் அவரே எங்கள் வீட்டு வாசலில் நின்று பெருமையாகச் சொன்னார்.

அவர் கணவருக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூக்கம். அதனால் பயிற்சிக்கு எங்கள் மொட்டை மாடி.

"அவ படிக்கிறாளே," என்றாள் அம்மா.

"படிச்சுக்கிட்டே கேக்கட்டும்க்கா. பாப்பாவுக்கு மியூசிக் தெரியும்ல?"

இப்படித்தான் சாயங்காலங்களில் நான் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். தெருவுக்குத் தெரியாதபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வீடியோ ஓடுகிற செல்போனைப் பிடித்துக்கொள்வேன், தாளம் எண்ணுவேன். ஏஜெண்டக்கா தெருவைப் பார்த்தபடி சுவர்மேல் உட்கார்ந்துகொள்வார்.

பாட்டு எங்கள் பங்குக்கு மட்டும் உரியது. எப்போதோ இருந்த கோயில் உபதேசியார் ஒருவர் கட்டியது. மரியாளும் சூசையும் இடம் தேடி ஊரெல்லாம் அலைவார்கள். ஒவ்வொரு சரணத்திலும் ஒரு வீட்டில் இல்லை என்பார்கள். கடைசிச் சரணத்தில்தான் தொழுவத்தில் குழந்தை பிறக்கும். பிறந்ததும் கொட்டு வேகமெடுக்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். கோயம்புத்தூர்த் தம்பி எந்தெந்தக் கம்பிகளைச் சேர்த்து அமுக்குவது என்கிற கார்டுகளை வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தான். "சி, ஏ மைனர், ஜி எல்லாம் ஈசிக்கா. நடுவுல ஒரு எஃப் வரும். அதுதான் கஷ்டம். விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் அமுக்கணும்."

அந்த எஃப் அவருக்கு வரவே இல்லை. முதல் சரணம் பாதியில் அது வரும்போது கம்பிகள் செத்த மாதிரி ஒரு சத்தம் போடும். வேறு யாராக இருந்தாலும் அதை மழுப்பிவிட்டு மேலே போவார்கள். ஏஜெண்டக்கா நிறுத்துவார். "தப்பு!" என்று தெருவுக்குக் கேட்கச் சொல்வார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"அப்படியே வுட்டுட்டு மேல வாசிங்கக்கா, யாருக்கும் தெரியாது."

"மாடிப்படியில கால் தவறிக் கீழ வுழுந்துட்டா நடுப்படியிலேருந்தா ஏறுவ? கீழேருந்துதானே ஏறணும்?"

முதல் சரணத்திலேயே வாரங்கள் போயின. ஒரு நாள் பொறுக்க முடியாமல் எதிர் வீட்டுக்காரர் கத்தினார்: "ஏஜெண்டக்கா, அந்தக் கொழந்த இந்த வருஷமாச்சும் பொறக்குமா?"

"எடம் கெடைக்கலண்ணே, பொறுங்க!" என்று இவரும் பதிலுக்குக் கத்தினார். தெருவில் நாலைந்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஏஜெண்டக்காவும் சிரித்தார். நான் தொட்டிக்குப் பின்னால் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

என் விஷயமாக வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தது. அரியலூரில் என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அப்பா பெரம்பலூரில் ஒருவரை விசாரித்து வைத்திருந்தார். ஆனால் கூட வர அவருக்குக் கால் எழவில்லை. ஏஜெண்டக்காதான், "எனக்கும் அந்தப் பக்கம் வேல இருக்கு, வா" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். வக்கீல் ஆபீசில் காத்திருக்கும்போது நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வயசில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஏஜெண்டக்கா அவளிடம் குனிந்து, "நீயும் அதுக்குத்தானாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு முதலில் முகம் சுருங்கியது, பிறகு அழுதாள், பிறகு பேச ஆரம்பித்தாள். எங்களைக் கூப்பிடும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது ஏஜெண்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவ்வளவு நேரத்தில் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். எனக்கும் அதேதான் என்று சொல்லியிருக்கலாம்.

திரும்பும் வழியில், சுற்று என்றாலும் பரவாயில்லை என்று லப்பைக்குடிக்காட்டுக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே ஒரு வீட்டம்மா அவருடைய பழைய பாலிசிக்காரர். மூன்று மகன்களும் துபாயில். டீயும் வடை மாதிரியான வாடாவும் கொடுத்துவிட்டு, ஏஜெண்டக்கா கையோடு கொண்டு வந்திருந்த கிட்டாரைப் பார்த்து, "இது என்னா புள்ள கூத்து?" என்று கேட்டார். அவ்வளவு போதாதா? நடு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏஜெண்டக்கா வாசித்தார். அந்த நேரம் பார்த்து மகனிடமிருந்து வீடியோ கால் வேறு. போனை இவர் பக்கம் திருப்பிவிட்டார் அந்தம்மா. துபாயில் ஒரு அறை முழுக்க ஆட்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். எஃப் வந்தது. "தப்பு!" என்றார். மறுபடி முதலிலிருந்து.

"மாஷா அல்லாஹ், நல்லாத்தான் இருக்கு," என்றார் அந்தம்மா யோசித்துவிட்டு. "நடுவுல மாடு கத்துற மாதிரி ஒண்ணு வருது பாரு, அத மட்டும் எடுத்துடு புள்ள."

"அதான் பாட்டுக்கே உசிருங்கம்மா, அத எப்படி எடுக்க?" என்றார் ஏஜெண்டக்கா. போனில் எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். நான் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் எங்கள் தெருவில் இல்லை. கணவர் ரிட்டயர் ஆனதும் தூத்துக்குடிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் போன பிறகு தெருவில் யார் வீட்டில் என்ன என்று கேட்க ஆளில்லை. நாகரிகமாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் எல்லா வீட்டிலும் ஸ்டார் கட்டினார்கள். அம்மா கட்டவில்லை. எங்களில் ஒரு வழக்கம் உண்டு: அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் போகிறவர்கள் அந்த வீடு வந்ததும் கொட்டை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் கடந்து போவார்கள். ஏலாக்குறிச்சியில் அம்மாவுக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர் அந்தக் கோடையில் தவறிப்போயிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டாள் அம்மா.

எனக்குக் காரணம் தெரியும். கேரல் உள்ளே வந்தால் கேக் தட்டோடு நான் வந்து நிற்க வேண்டும். மாப்பிள்ளை வரலையா என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக எங்கள் வீடு துக்க வீடாகிவிட்டது. அம்மாவை நினைத்தால் பாவமாக இருந்தது. என்னால் அம்மாவுக்கு ஒரு ஸ்டார்கூடக் கட்ட முடியாமல் போய்விட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இந்தப் பொய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஏஜெண்டக்கா மறுநாளே கேட்டுவிட்டார். "என்னக்கா, ஸ்டார் எங்க?"

"துக்கம். பெரியப்பா..."

"அந்த ஏலாக்குறிச்சிப் பெரியவருக்கா? அவரு சாவுக்கே நீங்க போவலையேக்கா!"

அம்மா முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மாடியில் நானே சொன்னேன். "கேரல் அன்னிக்கு எங்க வீட்டுக்கு வேணாங்க்கா. எல்லாரோடயும் தாண்டிப் போயிடுங்க. ப்ளீஸ்." அவர் கம்பியில் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எஃப் ஓரளவு சுத்தமாக வந்தது. கடைசிச் சரணம்வரை போய், குழந்தையும் பிறந்தது. எதிர் வீட்டுக்காரர் மாடியில் நின்று கை தட்டினார்.

கேரல் அன்று ஏழு மணிக்கெல்லாம் கொட்டுச் சத்தம் தெருவுக்குள் வந்துவிட்டது. அப்பா முன்னறை விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா, பாடகர் குழு, பின்னால் பாதித் தெரு. நடுவில் சிவப்புச் சேலையில் கிட்டாரோடு ஏஜெண்டக்கா. பக்கத்து வீட்டில் பாடி முடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் கொட்டு நின்றது. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகக் கடந்தார்கள். பொய்த் துக்கத்துக்கு அவ்வளவு மரியாதை. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தப்பித்தோம் என்ற நிம்மதியும், தூ என்று என்மேலேயே ஒரு அருவருப்பும் ஒன்றாக வந்தது.

அப்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

ஏஜெண்டக்கா தனியாக உள்ளே வந்து, அப்பாவின் பைக் பக்கத்தில் நின்று, கிட்டாரை ஏற்றிப் பிடித்தார். வெளியே கூட்டம் குழம்பிப்போய் நின்றது. "ஏஜெண்டக்கா, அது துக்க வீடு, வந்துடுங்க," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"கொட்டுதானே வேணாம். நான் கொட்டா அடிக்கிறேன்?"

வாசிக்க ஆரம்பித்தார். யாரும் கூடப் பாடவில்லை. துக்க வீட்டு வாசலில் எப்படிப் பாடுவது? அந்த அமைதியில் கிட்டார் சத்தம் மட்டும் தனியாக, மெலிசாகக் கேட்டது. எஃப் வந்தது. செத்தது. "தப்பு," என்றார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். "தப்பு." வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் அதட்டினார். செல்போன் ஒன்று உயர்ந்து வெளிச்சம் அடித்தது.

"வெட்கங்கெட்டவ," என்றாள் அம்மா இருட்டில். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி முதலிலிருந்து. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. போதும்க்கா, நிறுத்துங்கக்கா, போயிடுங்கக்கா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் போக மாட்டார் என்று தெரிந்தது. நான் கதவைத் திறந்தால் ஒருவேளை நிறுத்துவார். அதற்காகத்தான் திறந்தேன். தைரியம் எல்லாம் ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றுதான்.

வெளியே வந்ததும் தெருவிளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நான் யாரையும் பார்க்காமல் அவரிடம் போனேன். "அக்கா, போதும்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. மாடியில் எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கை. ஒரு நாளும் நடுங்கியதில்லை. மார்கழிக் குளிரில் கழுத்தெல்லாம் வேர்வை வழிந்து ஜாக்கெட் நனைந்திருந்தது. கண் கிட்டாரை விட்டு நிமிரவே இல்லை. வெட்கமே கிடையாது என்று நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்த மனுஷி. கோயிலில் கையைத் தூக்கியபோதும், வக்கீல் ஆபீசில் அந்தப் பெண்ணிடம் குனிந்தபோதும் இப்படித்தான் வேர்த்திருக்குமா? எனக்கு இருந்த அத்தனை வெட்கமும் அவருக்கும் இருந்திருக்கிறது. நான் அதை வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அவர் அதோடுதான் ஊரெல்லாம் போய்வந்திருக்கிறார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவர் உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எவ்வளவு நேரம் பாப்பா? சீக்கிரம் பக்கத்துல வந்து நில்லு. எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு மானம் போவுது."

போய் நின்றேன்.